பள்ளிக்கூடத்தில் ஏன் ஜாதி கேட்கிறார்கள்?

(தொரப்பள்ளியில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த பிரசங்கத்தின் சாரம்)



தலைவர் நம்மைப்பற்றி வேண்டியதற்கு மேலேயே புகழ்ந்து பேசிவிட்டார். நாம் பெரிய படிப்புப் படித்தவரல்ல. பள்ளிக்கூடம் நம்மை ஐந்தாம் வகுப்போடு வெளியே அனுப்பிவிட்டது. பிறகு இரவல் புத்தகங்களையும், பழைய பத்திரிகைகளையும், கோர்ட்டுத் தீர்ப்புகளையும் எழுத்துக்கூட்டிப் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு வருகிறோம். ஆகவே நாம் சொல்லுகிறோம் என்பதற்காக ஒன்றையும் நம்பிவிடாதீர்கள். வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள். சரியென்று பட்டதை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

இன்று மாலை பஸ்ஸை விட்டு இறங்கி டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு வாலிபத் தோழர் நம்மிடம் வந்து, “ஐயா, நீங்கள் ஜாதி ஒழிய வேண்டும் என்கிறீர்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கப் போனால் ஜாதி கேட்கிறார்கள். உபகாரச் சம்பளத்துக்கு மனுப்போட்டால் ஜாதிச் சான்று கேட்கிறார்கள். அதை மட்டும் நீங்கள் ஏன் கண்டிப்பதில்லை?” என்று கேட்டார். இது குதர்க்கமான கேள்வியல்ல, நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்ல முடியாவிட்டால் நமக்கு மேடை ஏறும் யோக்கியதை இல்லை. ஆதலால் வேறு விஷயங்களை விட்டுவிட்டு இதைப்பற்றியே இன்று பேசுவோம்.

ஜாதி கேட்காத திட்டம்

இந்தத் தொரப்பள்ளி, ராஜகோபாலாச்சாரியார் 1878ல் பிறந்த ஊர். அவர் சென்னை ராஜ்யத்தின் முதன்மந்திரியாக இருந்தபோது, 1953ல் ஒரு ஆரம்பக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். அதன்படி கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட நேரம் பாதியாகக் குறைந்தது. மிச்ச நேரத்தில் பிள்ளை தன் தாய் தகப்பன் செய்கிற தொழிலைக் கற்க வேண்டும் என்றார்கள். நாட்டில் பெரிய கிளர்ச்சி நடந்தது. 1954ல் காமராஜர் முதன்மந்திரியானதும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அவர் பிறந்த ஊரில் நின்று அவரைத் தூஷிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவருடைய எண்ணம் எதுவோ, அதை அவரோடு விட்டுவிடுவோம்.

நாம் கவனிக்க வேண்டியது வேறு. அந்தத் திட்டத்தில் எந்தப் பிள்ளையையும் பார்த்து, “நீ என்ன ஜாதி?” என்று எவரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஜாதிச் சான்று இல்லை. தாசில்தார் கையெழுத்து இல்லை. “உன் அப்பன் செய்கிற வேலையைச் செய்” என்றால் போதும். துணி வெளுக்கிறவர் மகன் துறைக்குப் போவான். செருப்புத் தைக்கிறவர் மகன் தோலுக்கு முன் உட்காருவான். புத்தகத்தோடு இருக்கிறவர் மகன் புத்தகத்தோடு இருப்பான். ஜாதியைப்பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காமலேயே ஜாதி பத்திரமாக நின்றிருக்கும்.

ஆகவே தோழர்களே, ஜாதியைக் கேட்பதால் ஜாதி வளரும், கேட்காவிட்டால் ஜாதி போய்விடும் என்பது கணக்குத் தப்பிய பேச்சு. எதற்காகக் கேட்கிறார்கள் என்பதல்லவா விஷயம்? கிணற்றண்டை நின்று கேட்பவன் தண்ணீர் கொடுக்காமல் இருப்பதற்காகக் கேட்கிறான். வைத்தியனும், “எங்கே வலிக்கிறது?” என்று கேட்கிறான். அவன் கேட்பதால் வலி வந்ததாக எவனாவது சொல்லுவானா?

கணக்குக் கேட்டது எப்படி வந்தது

இந்த நாட்டில் கல்விச்சாலையும் உத்தியோகமும் ஒரு சிறு கூட்டத்தின் கையில் இருந்த காலத்தில்தான் வகுப்புவாரி உரிமை என்ற பேச்சு எழுந்தது. 1921ல் நீதிக்கட்சி மந்திரிசபை முதல் உத்தரவைப் போட்டது. பல வருஷம் அது காகிதத்திலேயே கிடந்தது. 1928ல் மந்திரியான எஸ். முத்தையா முதலியார் காலத்தில்தான் அதற்கு உயிர் வந்தது. பிறகு வைத்தியக் கல்லூரி, இஞ்சினீயர் கல்லூரி இடங்களையும் பதினான்கு பதினான்காகப் பிரித்துக் கொடுத்தார்கள். பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனருக்கு 2, ஆதிதிராவிடருக்கு 2, கிறிஸ்தவருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1 என்பது கணக்கு.

புது அரசியல் சட்டம் 1950 ஜனவரியில் வந்தது. அதே வருஷம் செண்பகம் துரைராஜன் என்ற பார்ப்பன மாது, தமக்கு வைத்தியக் கல்லூரியில் இடம் கிடைக்காமற் போகும் என்று ஹைகோர்ட்டுக்குப் போனார். அந்தக் கல்லூரிக்கு அவர் மனுவே போடவில்லை என்பது தீர்ப்பிலேயே இருக்கிறது. இருந்தும் ஹைகோர்ட்டு அந்த வகுப்புவாரி உத்தரவு செல்லாது என்றது. 1951 ஏப்ரல் 9ந் தேதி சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிற்று. தமிழ்நாடு கொதித்தது. இரண்டே மாதத்தில், 1951 ஜூனில், அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. சமூகத்திலும் கல்வியிலும் பிற்பட்ட வகுப்பாருக்கும், தாழ்த்தப்பட்டோருக்கும், பழங்குடியினருக்கும் சர்க்கார் தனி ஏற்பாடு செய்யலாம் என்ற 15வது ஷரத்தின் 4வது பிரிவு அப்படித்தான் பிறந்தது. இன்று ஒரு பெண் விடுதியில் தங்கிச் சாப்பிட்டுப் படிக்கிறாள் என்றால், அதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஒரு பாட்டிக்கு மூன்று பேத்திகள்

நிற்க, பட்டியல் வேண்டும் என்று நாம் சொல்லுவதால், பட்டியலில் இருப்பதெல்லாம் சரி என்று சொல்லுவதாக நினைத்துவிடாதீர்கள். இந்த எல்லைப் பக்கத்தில் இருக்கிற உங்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. அத்திப்பள்ளியைத் தாண்டினால் கர்நாடகம். குப்பத்துப் பக்கம் போனால் ஆந்திரம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் பேரம் பேசுகின்றன.

நமக்குத் தெரிந்த ஒரு லம்பாடிக் குடும்பம் இந்தப் பகுதியில் இருக்கிறது. அண்ணன் இங்கே ஓசூரில் ஒரு பாக்டரியில் வேலை செய்கிறார். ஒரு தங்கையை ஆனேக்கல் பக்கம் கொடுத்திருக்கிறார்கள். இன்னொரு தங்கையைக் குப்பம் பக்கம் கொடுத்திருக்கிறார்கள். மூவருக்கும் பெண் குழந்தைகள். பொங்கலுக்கு மூன்று பெண்களும் பாட்டி வீட்டில் ஒரே தட்டில் களி தின்கிறார்கள், ஒரே பாஷை பேசுகிறார்கள். சான்றிதழை எடுத்துப் பார்த்தால், கர்நாடகத்துப் பேத்தி தாழ்த்தப்பட்டவள், ஆந்திரத்துப் பேத்தி பழங்குடி, ஓசூர்ப் பேத்தி பிற்பட்டவள்! கர்நாடகத்தில் லம்பாணிகள் தாழ்த்தப்பட்டோர் பட்டியலிலும், ஆந்திரத்தில் லம்பாடிகளும் சுகாலிகளும் பழங்குடிப் பட்டியலிலும், நம் நாட்டில் லம்பாடிகள் பிற்பட்டோர் பட்டியலிலும் இருக்கிறார்கள். கல் உடைக்கிற ஒட்டர், போவி மக்களும் அந்தப் பக்கம் தாழ்த்தப்பட்டோர், இந்தப் பக்கம் அப்படியல்ல. இரண்டு பக்கமும் உடைப்பது ஒரே கல்தான்.

மூன்று பேத்திகளும் ஒன்பதாம் வகுப்பு. மூவருக்கும் உபகாரச் சம்பளத்து விதி வேறு, விடுதி வேறு, நாளைக்குக் கல்லூரியில் போட்டி போட வேண்டிய கூட்டமும் வேறு. ஓசூர்ப் பெண் நூற்றுக்கு 26½ என்ற பெரிய பங்கிலே, நிலமும் கடையும் மந்திரியும் உள்ள பெரிய ஜாதிகளோடு நின்று போட்டி போட வேண்டும். பாட்டியைக் கேட்டால், “என் ரத்தம் மூன்று விதமாகவா ஓடுகிறது?” என்கிறாள். அந்தக் கிழவிக்கு உள்ள பகுத்தறிவு பல பண்டிதர்களுக்கு இல்லை!

இதைவிடக் கஷ்டம், பிழைக்க வந்தவர்களுடையது. தாழ்த்தப்பட்டோர் பட்டியலும் பழங்குடிப் பட்டியலும் அந்தந்த ராஜ்யத்துக்கு என்றே அரசியல் சட்டத்தின் 341, 342வது ஷரத்துக்களில் எழுதப்பட்டிருக்கிறது. “ஆதி கர்நாடகர்” என்ற பெயர் தமிழ்நாட்டுப் பட்டியலிலும் இருக்கிறது, கர்நாடகப் பட்டியலிலும் இருக்கிறது. ஆனாலும் அங்கிருந்து இங்கே வேலைக்கு வந்தவருடைய பிள்ளை இந்த ராஜ்யத்துச் சலுகையைக் கேட்க முடியாது. 1990ல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதைத் தீர்த்துச் சொல்லிவிட்டது. ஆந்திரத்தில் பழங்குடியாய் இருந்த பையன், ஒன்பது வயதில் தகப்பனோடு பம்பாய்க்குப் போய் அங்கேயே படித்தும், பம்பாயில் பழங்குடி ஆக முடியவில்லை. ஒருவன் ஓர் ஊரில் படுகிற இழிவு இன்னோர் ஊரில் இருக்குமென்று சொல்ல முடியாது என்பது அதிலுள்ள நியாயம். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஆனால் நாம் கேட்கிறோம்: பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஓசூருக்கு வந்து தகரக் கொட்டகையில் குடியிருக்கிற தாழ்த்தப்பட்ட தொழிலாளி, தன் ஏழ்மையையும் எழுத்தறியாமையையும் ரயிலிலேயே விட்டுவிட்டா இறங்குகிறான்?

மூக்கை அளந்த சாஸ்திரம்

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், ஜாதியை ரத்தத்திலும் எலும்பிலும் தேடியதுதான். 1901ஆம் வருஷத்து ஜனக்கணக்குக்குத் தலைவராயிருந்த ரிஸ்லி என்ற வெள்ளைக்கார அதிகாரி, மூக்கின் அகலத்தை அளந்தால் ஜாதியின் உயர்வு தாழ்வு தெரிந்துவிடும் என்றார். சென்னை மியூசியத்தில் தர்ஸ்டன் என்பவர் கருவியை வைத்துக்கொண்டு நம்முடைய ஜனங்களின் தலையையும் மூக்கையும் அளந்தார், 1909ல் ஏழு வால்யூம் புத்தகம் வெளியிட்டார். மூக்கு சளி பிடிக்கத்தான் உதவுமேயொழிய ஜாதி கண்டுபிடிக்க உதவாது என்று இன்றைய விஞ்ஞானம் அந்தச் சாஸ்திரத்தைக் குப்பையில் போட்டுவிட்டது.

2023 ஜனவரியில் நரிக்குறவர், குருவிக்காரர் ஆகியோரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டம் வந்தது. அதற்கு முந்தின நாள் அவர்கள் உடம்பில் ஓடிய ரத்தம்தான் மறுநாளும் ஓடிற்று. மாறியது சட்டமேயொழிய ரத்தமல்ல. சேலம், தர்மபுரிப் பக்கத்து மலையாளி பழங்குடி, ஈரோடு ஜில்லா பர்கூர் மலையிலிருக்கிற மலையாளி பழங்குடியல்ல. மலைக்கு ஜில்லா எல்லை தெரியுமா?

அமெரிக்காவிலும் இதே கூத்துத்தான். 1892ல் ஹோமர் பிளெஸ்ஸி என்பவர் ரயிலில் வெள்ளையர் பெட்டியில் ஏறினார். எட்டுப் பங்கு ரத்தத்தில் ஒரு பங்குதான் கறுப்பு, ஏழு பங்கு வெள்ளை. அந்த ஒரு பங்குக்காக அவரைக் கைது செய்தார்கள். 1896ல் அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட்டும் அது சரியே என்றது. பிரித்து வைத்த பள்ளிக்கூடங்கள் செல்லாது என்று தீர்ப்பு வர 1954 ஆயிற்று. பிறகு வெள்ளைப் பிள்ளையும் கறுப்புப் பிள்ளையும் கலந்து படிக்கட்டும் என்று ஸியாட்டில், லூயிவில் நகரங்களின் பொதுப் பள்ளிக்கூடங்கள் நிறம் பார்த்து இடம் கொடுத்தபோது, 2007ல் அதே சுப்ரீம் கோர்ட்டு, நிறம் பார்க்கக் கூடாது என்று தடுத்துவிட்டது. வெளியே தள்ளுவதற்காக நிறம் பார்த்ததும், உள்ளே அழைப்பதற்காக நிறம் பார்த்ததும் ஒன்று என்பது அந்தத் தீர்ப்பு. கதவை அடைப்பவன் கையும் திறப்பவன் கையும் ஒரே தாழ்ப்பாளின்மேல்தான் இருக்கும். அதற்காக இருவரையும் ஒன்றாக நினைக்கலாமா?

எதை அளக்க வேண்டும்?

அப்படியானால் எதை அளப்பது? யாருக்குப் பிறந்தான் என்பதையல்ல. இந்தப் பிள்ளைக்கு இந்த ஊரில் என்ன செய்யப்பட்டது, எது மறுக்கப்பட்டது என்பதைத்தான் அளக்க வேண்டும் என்று நாம் சொல்லுகிறோம்.

இது நடக்காத காரியமல்ல. 2012ல் குஜராத்திலிருந்து சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு வழக்கு வந்தது. தகப்பன் மேல்ஜாதி, தாய் பழங்குடி. பிள்ளை தகப்பன் ஜாதிதான் என்று அதிகாரிகள் சான்றைப் பறித்துவிட்டார்கள். கோர்ட்டு என்ன சொல்லிற்று? தகப்பன் ஜாதி என்று சாதாரணமாக நினைக்கலாம், ஆனால் அதுவே முடிவல்ல. தாயின் மக்களோடு வளர்ந்தானா, அவர்கள் படுகிற இழிவைத் தானும் பட்டானா, ஊரார் அவனை எப்படி நடத்தினார்கள் என்று விசாரிக்க வேண்டும் என்றது. கலப்பு மணம் செய்துகொண்ட தோழர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் 1975ஆம் வருஷத்து உத்தரவுப்படி உங்கள் பிள்ளைக்குத் தகப்பன் வகுப்பையோ தாய் வகுப்பையோ நீங்கள் சொல்லலாம். 1973ஆம் வருஷத்து உத்தரவுப்படி ஒன்றுமே எழுதாமலும் விடலாம். எழுதாமல் விடுவது வீரம்தான். ஆனால் பட்டினி கிடக்கிற பிள்ளையின் பெயரால் நாம் வீரம் காட்டக் கூடாது. இழிவைப் பட்ட பிள்ளை, அதற்குரிய ஈட்டை வாங்குவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

மலம் அள்ளுகிறவர், தோல் பதனிடுகிறவர் முதலியோரின் பிள்ளைகளுக்கு 1977-78 முதல் மத்திய சர்க்காரின் உபகாரச் சம்பளம் ஒன்று உண்டு. அதில் ஜாதியும் கேட்பதில்லை, மதமும் கேட்பதில்லை. என்ன வேலை செய்ய வைக்கப்பட்டார்கள் என்பதுதான் கேள்வி. 2020ல் தமிழ்நாட்டில் சர்க்கார் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு வைத்தியக் கல்லூரியில் நூற்றுக்கு 7½ இடம் ஒதுக்கினார்கள். எங்கே படித்தாய் என்பதுதான் அங்கே கேள்வி. 1920ல் சென்னை நகரசபை ஆயிரம் விளக்குப் பள்ளியில் போட்ட மத்தியானச் சாப்பாடு முதல், 1956ல் காமராஜர் காலத்தில் வந்தது, 1982ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கியது, 2022ல் வந்த காலைச் சாப்பாடு வரையில், சோற்றுக்கு எவனும் சான்று கேட்பதில்லை. எல்லோருக்கும் போதுமானது இருந்தால் கேள்வியே இல்லை. இடம் ஒன்று, கேட்பவர் நூறு என்கிறபோதுதான் பட்டியல் வேண்டியிருக்கிறது. ஆகவே எல்லோருக்கும் கொடுப்பதைப் பெருக்க வேண்டும், பட்டியலை நியாயமாகத் திருத்த வேண்டும். முதலாவது நடக்கும் முன்னே பட்டியலைக் கிழி என்பவன், தன் வயிறு நிறைந்த பிறகு பந்தியை மூடச் சொல்லுகிறவன்.

கொடுக்கும் விதம்

உதவியைக் கொடுக்கிற விதத்தைப்பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர் வகுப்பின் நடுவே, “உபகாரச் சம்பளக்காரர்களெல்லாம் எழுந்திருங்கள்” என்றதை நாமே பார்த்திருக்கிறோம். எழுந்த பிள்ளைகள் தலை குனிந்தன. உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அவர்கள் யாரென்று தெரிந்துகொண்டன. ஐந்து நிமிஷத்தில் ஜாதிப் பாடம் நடந்து முடிந்தது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடம் அது!

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், நன்றாகப் படித்த ஒரு தாழ்த்தப்பட்ட மாணவனை உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்மேல் அமைத்த நீதிபதி சந்துரு கமிட்டி 2024 ஜூனில் தன் அறிக்கையைக் கொடுத்தது. பள்ளிக்கூடங்களின் பெயரில் ஜாதி கூடாது, வருகைப் பதிவேட்டில் ஜாதி கூடாது, கையில் கலர் கயிறு கூடாது, உபகாரச் சம்பள விஷயத்தைத் தலைமை ஆசிரியர் தம் அறைக்குத் தனியே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கிறது. இதற்குக் காசு செலவில்லை. மனம்தான் வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

கடைசியாக, நம்முடைய வேலை என்ன? பழங்குடிச் சான்றுக்காக வருஷக்கணக்காய் நடக்கிற ஏழைகள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். 2022 அக்டோபரில் மலைக்குறவர் ஒருவர், தம் மகனுக்குச் சான்று கிடைக்கவில்லையென்று சென்னை ஹைகோர்ட்டு வளாகத்திலேயே தீக்குளித்து மாண்டார். ஒரு காகிதத்துக்காக ஒரு தகப்பன் உயிரை விட்டான் என்றால், அந்தக் காகிதம் அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய வாசல் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே ஒவ்வொரு ஊரிலும் படித்த தோழர்கள் இரண்டு பேராவது முன்வர வேண்டும். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் முன்பே வீடு வீடாகப் போய் எந்தப் பிள்ளைக்குச் சான்று இல்லையென்று எழுதுங்கள். இ-சேவை மையத்துக்கு அழைத்துப்போய் மனுப்போட்டுக் கொடுங்கள். வெளி ராஜ்யத்திலிருந்து வந்தவர்களுக்கு, அவர்கள் சொந்த ராஜ்யத்தின் உபகாரச் சம்பளத்துக்கு மனுப்போட வழியுண்டு என்று சொல்லுங்கள். தகப்பன் பெயரில் அங்கே கொடுத்த சான்றைக் காட்டினால், பிள்ளைக்கு இங்கேயே சான்று எழுதிக்கொடுக்க 1982 முதல் ஏற்பாடு இருக்கிறது. பொய்ச் சான்று வாங்குகிறவன் உங்கள் சொந்தக்காரனாக இருந்தாலும் காட்டிக் கொடுங்கள். அவன் ஒரு ஏழைப் பிள்ளையின் சோற்றைத் திருடுகிறவன்.

இன்னொன்று. சான்றிதழ் வைத்தியர் எழுதிக் கொடுத்த சீட்டு மாதிரி. மருந்து வாங்கத்தான் அந்தச் சீட்டு. அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டு, “என் வியாதி உன் வியாதியைவிட உசத்தி” என்று எவனாவது பெருமை பேசுவானா? ஆனால் ஜாதிச் சங்கம் வைத்து, ஜாதிக்கொடி பிடித்து, வண்டியில் ஜாதிப் பெயர் எழுதிக்கொண்டு திரிகிறவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். சான்றை வாங்கிப் பிள்ளையைப் படிக்க வையுங்கள். ஜாதியை வீட்டுக்குள் விடாதீர்கள்.

டீக்கடைத் தோழருக்கு நம் பதில் இதுதான்: பள்ளிக்கூடத்தில் ஜாதி கேட்பது நமக்குச் சந்தோஷமல்ல. கிணறும், கோயிலும், கல்யாணமும், குடியிருக்கும் தெருவும் ஜாதி கேட்பதை எந்த நாள் நிறுத்துகின்றனவோ, அதற்கு மறுநாள் பள்ளிக்கூடமும் நிறுத்தட்டும். முதலாவதாக நிறுத்த வேண்டியவன் கொடுக்கிறவனல்ல, தடுக்கிறவன்.